இன்னைக்கு என்ன மீன்?

‘கடலோரம்’ என்ற இணைய மன்றத்தில் அன்று காலை வரை இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருவர் பிரபின். மற்றவர், கடவுச்சொல் மறந்துபோனதால் வேறு பெயரில் மறுபடி சேர்ந்த பிரபின்.

இதை அவன் மனைவி அஜிஷாவிடம் அப்படியே சொல்லவில்லை. வளர்ச்சி இரண்டு மடங்கு என்று மட்டும் சொன்னான். கணக்குப்படி அது பொய்யும் இல்லை.

“ரெண்டு மடங்குன்னா எத்தனை பேரு?” என்று அஜிஷா கேட்டாள்.

“இப்பத்தானே தொடங்கியிருக்கு” என்று சொல்லிவிட்டுப் பிரபின் அவசரமாகப் பல் தேய்க்கப் போனான். அன்றைக்கு அது அவன் இரண்டாவது முறை பல் தேய்ப்பது.

2008-ல் உலகத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு ஃபோரம் இருந்தது. நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று, நாயைப் பிடிக்காதவர்களுக்கு ஒன்று. ஒருவர் ஒரு தலைப்பைத் தொடங்கி வைப்பார், மற்றவர்கள் அதன் கீழே வரிசையாகச் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். இராஜாக்கமங்கலத்தை ஒட்டிய கடற்கரை ஊர்களுக்கு மட்டும் அப்படி ஒன்று இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவன் பிரபின். அப்படி ஒரு குறை இருப்பதாக ஊரில் யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

அதற்கு முன் அவன் கோட்டாற்றில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். கல்யாண அழைப்பிதழ், பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்குக் கார்டு, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று எதற்கும் வாசகம் எழுதித் தருவான். அவன் எழுதிய நினைவஞ்சலியைப் படித்தால் செத்தவர் மேல் கடன்காரனுக்கே பாசம் வரும். பிறகு ஃப்ளெக்ஸ் போர்டு வந்தது. கதவளவு முகத்தை அச்சடிக்கும்போது வாசகம் எதற்கு? மே மாதம் கடையைப் பூட்டினான்.

பூட்டிய வாரமே அஜிஷாவின் அண்ணன் சகாயம் மஸ்கட்டிலிருந்து விசா ஏற்பாடு செய்துவிட்டார். ஸ்டோர் கீப்பர் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் சகாயம் போன் செய்வார், அஜிஷா ஸ்பீக்கரில் போடுவாள். ஏசி ரூம். வெள்ளிக்கிழமை பிரியாணி. ஜன்னலைத் திறந்தால் கடல். தங்கமான அரபி முதலாளி, தொழிலாளியை மகனே என்றுதான் கூப்பிடுவாராம். கேட்டுக்கொண்டிருக்கும் பிரபினுக்கு, இதை நாமல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று தொழில்முறைப் பொறாமைகூட வரும்.

“அண்ணன் செய்யுத அதே வேலையாக்கும்” என்று அஜிஷா போனை வைத்ததும் சொல்வாள். “அதே ரூமு. அண்ணன் படுக்குத அதே கட்டிலையே உங்களுக்குத் தந்திருமாம். எவ்வளவு பாசம் பாருங்க.”

பிரபினுக்குப் போக மனமில்லை. இதில் கொள்கை, கோட்பாடு எதுவும் கிடையாது. அஜிஷாவை விட்டுவிட்டு அவனால் இருக்க முடியாது, அவ்வளவுதான். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து ஓர் ஆண்பிள்ளை இதை வாய்விட்டுச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்பதால், இணையத்துக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது என்று சொன்னான்.

அஜிஷா நியாயமானவள். கோட்டாற்றில் மிக்ஸி, கிரைண்டர் கடை வைத்திருக்கும் தங்கப்பன், மன்றத்தில் முந்நூறு பேர் சேர்ந்துவிட்டால் மாதாமாதம் விளம்பரம் தருவதாகவும், தன் கடையின் எழுத்து வேலை முழுவதையும் பிரபினிடமே கொடுப்பதாகவும் சொல்லியிருந்தார். அவள் அதையே நிபந்தனையாக்கினாள். கிறிஸ்துமசுக்குள் முந்நூறு பேர். சேராவிட்டால் மஸ்கட்.

பிரபின் முதல் அழைப்பை மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கினான். ‘நெய்தல் நிலத்தின் விழுமியங்களை மீட்டெடுக்கும் மாபெரும் மெய்நிகர்ப் பாசறைக்கு அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்று தொடங்கும் அது. மற்ற ஃபோரங்களில் எல்லாம் போட்டான். பிரிண்ட் எடுத்துக் கோயில் வாசலில் கொடுத்தான். அலைகடலெனத் திரண்டு வந்தது ஒருவர். பெயர் ரிச்சர்ட் என்றிருந்தது, எழுத்து முழுக்க ஆங்கிலம். வெளிநாட்டிலிருந்தே ஆள் வந்துவிட்டது என்று பூரித்துப்போய், பிரபின் ஒன்றரைப் பக்க வரவேற்புரை எழுதினான். ரிச்சர்ட் நன்றி சொல்லவில்லை. வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் மாத்திரை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் பிரபின் சோர்ந்துபோகிற ரகம் இல்லை. தப்பு வாசகத்தில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று காலையிலும் மாலையிலும் கடற்கரையில் நடந்தான். அங்கேதான், மணலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பிரிஜாவின் பேச்சு காதில் விழுந்தது. அவள் கணவன் சஜின் ஷார்ஜாவில் இருந்தான். பாவம், கடல் கடந்து பேசுகிறவன் முதலில் கேட்டது பிள்ளைகளைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றியும் இல்லை.

“இன்னைக்கா? இன்னைக்கு மீனெல்லாம் ஒண்ணும் இல்ல. கஞ்சியும் தொவையலும்தான்” என்று அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரபின் நின்றுவிட்டான். யோசித்துப் பார்த்தால், சகாயம்கூட ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத்தான் முதலில் கேட்பார். இந்தக் கரையிலிருந்து போன எவனும் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பான். வீட்டுக்கு நேராக ஓடினான். விழுமியங்களை அழித்தான். புதிய அழைப்பு இப்படி இருந்தது:

‘நீங்கள் அங்கே காய்ந்த குப்பூஸ் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், உங்கள் ஊர்க் கரையில் வள்ளம் வந்து நின்றுவிட்டது. வலையில் துள்ளுவது என்ன? மாங்காய் போட்டா, முருங்கைக்காய் போட்டா? பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருக்கிறதா? அறிய, உடனே உறுப்பினராகவும்.’

வளைகுடாவில் இருக்கும் நண்பர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பினான். வெட்கம் கருதி சகாயத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. நண்பர்கள் அதைத் தங்கள் நண்பர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் காலையில் முதல் நிஜ உறுப்பினர் வந்து நின்றார். ஊர் பேர் எதுவும் இல்லை. ‘சாளை’ என்ற மீன் பெயரில் ஒரு புனைபெயர் மட்டும்.

சாளை வந்த வேகத்தில் எழுதினார்: ‘தம்பி, இதைப் படித்துவிட்டுக் குப்பூஸ் தொண்டையில் இறங்கவில்லை. தினமும் எழுதவும்.’

பிரபின் தினமும் எழுதினான். அயிலை வந்தால் அயிலை, கணவாய் வந்தால் கணவாய், அதை எப்படி அரைத்து எப்படிக் கொதிக்க வைத்தார்கள் என்பது வரை. அந்த வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். சாளை மட்டும் தினம் பத்துத் தடவை வருவார். தன் பாட்டையும் எழுதுவார். ஒரு ரூமில் பன்னிரண்டு பேராம். ஏசி என்று ஒன்று சுவரில் இருக்கிறதாம், அதில் புறா கூடு கட்டியிருக்கிறதாம். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் சூப்பர்வைசர் சிரிக்கிறானாம். ஆரல்வாய்மொழிக் காற்றை ஒரு டப்பாவில் அடைத்து அனுப்ப வழி உண்டா என்றுகூட ஒருநாள் கேட்டிருந்தார்.

பிரபின் அதை அஜிஷாவுக்கு வாசித்துக் காட்டினான். அவள் கண்ணில் ஒரு பயமாவது வரும் என்று எதிர்பார்த்தான்.

“வேலை செய்ய மனசில்லாதவன் அப்பிடித்தான் சொல்லுவான்” என்றாள் அஜிஷா. “எங்க அண்ணன் இத்தனை வருசத்துல ஒரு குறை சொல்லியிருக்கா? இந்தச் சாளையெல்லாம் எங்க போனாலும் உருப்படாது.”

நாற்பது, எழுபதில் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. பிரபின் யோசித்தான். வாசகனுக்கு ஊர் மீன் போதாது, தன் வீட்டு மீன் வேண்டும். கல்யாணக் கார்டில்கூட எல்லோரும் தன் பெயர் இருக்கிறதா என்றுதானே முதலில் பார்க்கிறார்கள். மறுநாள் காலை ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்று, எந்த வீட்டுக்கு எந்த மீன் போகிறது என்று கவனித்து, தெருவாரியாகப் போட்டான். பிரிஜா வீடு, நெய்மீன், தலையோடு.

இரண்டே நாளில் உறுப்பினர் எண்ணிக்கை நூற்று ஐம்பதைத் தாண்டியது. மூன்றாம் நாள் பிரிஜா வாசலில் நின்றாள். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

விஷயம் இதுதான். அந்தக் கரையில் கணவனை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெண்கள் யாரும் போனில் நெய்மீன் என்று சொல்வதில்லை. வீட்டில் என்ன கொதித்தாலும் கஞ்சி, துவையல், மிஞ்சினால் கருவாடு. இது எழுதாத சட்டம். பிரபின் அந்தச் சட்டத்தை உலகம் பார்க்கக் கிழித்துவிட்டான். சஜின் இரண்டு நாளாகப் போன் செய்யவில்லை.

“நான் நெய்மீன் வாங்குனா உங்களுக்கு எங்க வலிக்கு, பிரபின் அண்ணா?” என்று பிரிஜா கேட்டாள். அவள் சண்டை போட வந்தவள்தான், ஆனால் குரல் உடைந்தது. “அது அங்க காஞ்ச ரொட்டியத் தின்னுட்டுக் கிடக்கு. நான் மீன் தின்னேன்னு சொன்னா அதுக்குத் தொண்டையில இறங்குமா? அதுக்குத்தான் கஞ்சின்னு சொன்னேன். இப்ப நான் கள்ளியாயிட்டேன்.”

பிரபினுக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டான். வீட்டுப் பெயர்களை அன்றே எடுத்தான். இனிமேல் கரையில் என்ன மீன், என்ன விலை, அது மட்டும்தான் என்று சத்தியம் செய்தான். சஜினுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினான். அதில் பிரிஜாவின் அன்பைப் பற்றி எழுதியதைப் படித்து, ஷார்ஜாவில் சஜினும் அவன் ரூமில் இருந்தவர்களும் அழுதார்களாம்.

நல்லது செய்ததாக நினைத்துப் பிரபின் நிம்மதியாகத் தூங்கினான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, நிஜமாகவே கஞ்சி குடித்த பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். விளமீன் வாரிக்கொண்டு வந்திருக்கிறது, விலையும் மலிவு, நீ ஏன் வாங்கவில்லை, அனுப்புகிற பணமெல்லாம் எங்கே போகிறது என்று துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் கேள்வி வந்தது. இன்னும் சிலர் அங்கிருந்தபடியே பேரம் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். மீன்காரி ஞானபாய் கூடையை இறக்கி வைப்பதற்குள், கரையில் இன்றைக்கு இந்த விலைதானாமே என்று வீட்டுக்கு வீடு பெண்கள் கேட்டார்கள். கூடை சுமந்து வெயிலில் நடக்கிறவளுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டாமா? ஞானபாய் பிரபின் வீட்டு வாசலை ஏறெடுத்துப் பார்க்காமல் நடையைக் கட்டினாள். ஊருக்கெல்லாம் மீன் செய்தி சொல்கிறவன் வீட்டில் அதன் பிறகு மூன்று வாரம் பருப்புக் குழம்புதான்.

“உங்க ஃபோரத்துல போடுங்க, இன்னைக்கு நம்ம வீட்டுல என்ன மீன்னு” என்று சொல்லி அஜிஷா தட்டை வைத்தாள்.

எண்ணிக்கை அதற்குள் இருநூற்று முப்பது. பிரபின் விடுவதாக இல்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. அன்றைக்கு அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகக் கோட்டாற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிரபினும் அஜிஷாவும் கிளம்பினார்கள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தினசரிச் செய்தியைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று பிரபின் உள்ளே ஓடினான்.

‘இன்று மீன் இல்லை’ என்று அடித்தான். அதில் வேலை முடிந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வாசகம் எழுதிப் பழகிய கைக்கு அது சப்பென்று இருந்தது. அழித்துவிட்டு இப்படி எழுதினான்:

‘கடல் இன்று வேறு முகம் காட்டுகிறது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. கரை வெறிச்சோடிக் கிடக்கிறது. தெருக்களில் ஆளில்லை. வீடுகளில் ஓசையில்லை. ஏன்? உறுப்பினர்கள் மாலை வரை காத்திருக்கவும்.’

முதல் வரியைத் தவிர ஒரு சொல் பொய் இல்லை. தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு வேனில் ஏறினான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் நாலு வருடம்தான் ஆகியிருந்தது. வளைகுடாவில் அதைப் படித்தவன் எவனும் மாலை வரை காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போன் அடித்தார்கள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்கு அடித்தார்கள். அதுவும் பூட்டியிருந்தது. மொபைலுக்கு அடித்தார்கள். திருவிழாக் கூட்டத்தில், மேளத்திலும் வெடியிலும், பையின் அடியில் கிடந்த மொபைல் யார் காதில் விழும்? சஜின் ஷார்ஜாவிலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கே போன் போட்டான். அவனைப் போல நூறு பேர் போட்டார்கள்.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் பலூனும் பொரியும் கையுமாக வேனிலிருந்து இறங்கியபோது, கடற்கரையில் தீயணைப்பு வண்டி நின்றது. தாசில்தார் ஜீப் நின்றது. ஒரு டி.வி. வண்டியும் நின்றது. கடல் குளம் மாதிரி அமைதியாகக் கிடந்தது.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் அடிக்கத் தொடங்கின. பிரிஜா போனை எடுத்து ‘ஹலோ’ என்றதும் மறுபக்கத்தில் சஜின் வெகுநேரம் அழுதான். பக்கத்தில் நின்ற பிரபின் அதைக் கேட்டான். அன்று மன்றத்தில் அவன் போட்ட மன்னிப்பில் ஓர் அலங்காரமும் இல்லை. திருவிழாவுக்குப் போயிருந்தோம், எல்லோரும் சுகம், தப்பு என்னுடையது, மன்னிக்கவும் என்று மட்டும் எழுதினான்.

கோபித்துக்கொண்டு பலர் விலகினார்கள். எண்ணிக்கை நூற்று எண்பதுக்கு இறங்கியது. சாளை மட்டும், ‘தம்பி, திட்டுகிறவன் திட்டட்டும். எனக்கு நாளைக்கு என்ன மீன் என்று தெரிந்தாக வேண்டும்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்துப் பிரபினுக்குக் கண் கலங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை சகாயம் போனில் குதூகலமாக இருந்தார். அரபி தினமும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறாராம். கட்டிலுக்குப் புது மெத்தைகூட வாங்கிப் போட்டாயிற்றாம். அஜிஷா போனை வைத்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். பிரபினைப் பார்க்காமலே துடைத்தாள்.

“இன்னும் நாள் இருக்கு” என்றான் பிரபின்.

“நான் ஒண்ணும் சொல்லல்லியே” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இந்த விஷயத்துக்கு வந்தார். பிரபின் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கடலோரம் என்று ஒரு இணையதளம் குடும்பங்களில் குழப்பத்தை விதைக்கிறது, வீட்டு அடுப்பில் வேகும் ரகசியங்களை அம்பலப்படுத்துகிறது, ஆகவே விசுவாசிகள் யாரும் அதன் பக்கம் போகக் கூடாது என்று சாமியார் சொன்னார். தெரியாமல்கூட யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக, அதன் முகவரியை ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாக, மைக்கில் இரண்டு முறை சொன்னார். பக்கத்துப் பங்குக் கோயில்களிலும் இதை அறிவிக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

பூசை முடிந்து கூட்டம் கலைவதற்குள் பக்கத்து பிரௌசிங் சென்டரில் இடம் இல்லை. அடுப்பில் வேகும் ரகசியம் என்றால் யாருடைய அடுப்பு, என்ன ரகசியம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பக்கத்துப் பங்குக்காரர்கள் சேர்ந்தார்கள். விலகிப்போன வளைகுடாக்காரர்கள், ஊரே உள்ளே போகும்போது நாம் வெளியே நிற்பதா என்று திரும்பி வந்தார்கள். உறுப்பினராக ஆகாமல் உள்ளே எதையும் படிக்க முடியாதபடி பிரபின் முன்பே செய்து வைத்திருந்தது இப்போது கை கொடுத்தது. கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முந்நூறாவது ஆள் சேர்ந்தார். மீன்காரி ஞானபாயின் மகள்தான், அம்மாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வந்தவள்.

மாதக்கணக்கில் மூளையைக் கசக்கியும் தன்னால் முடியாததைச் சாமியார் ஒரே மூச்சில் முடித்துவிட்டாரே என்று பிரபினின் தொழில் மானம் கொஞ்சம் காயப்பட்டது. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கிறிஸ்துமஸ் விற்பனை விளம்பரத்தை அவனிடமே எழுதி வாங்கி, அன்றே மன்றத்தில் போடச் சொன்னார்.

திரையில் அந்த எண்ணிக்கையை அஜிஷா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். திரும்பி வரும்போது முகம் நனைந்திருந்தது.

“கோட்டாத்துல நான் மெழுகுதிரி எதுக்கு ஏத்துனேன்னு நினைச்சிய?” என்றாள். “முந்நூறு பேரைக் குடும் சவேரியாரேன்னுதான். அண்ணன்கிட்ட எப்பிடிச் சொல்லுததுன்னுதான் எனக்குத் தெரியல்ல. ஆசையா கட்டிலெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கு.”

அதைச் சொல்லும் சிரமத்தைச் சகாயம் அவளுக்கு வைக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மத்தியானம், யாருக்கும் சொல்லாமல், தோளில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார். அஜிஷாவுக்கு அடையாளமே தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். அரபி ஒரு மாத லீவு கொடுத்திருக்கிறார் என்றார். பையை இறக்குவதற்கு முன்பே மூக்கை உயர்த்தி அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

“இன்னைக்கு என்ன மீனு?” என்று கேட்டார்.

அன்றைக்கு நெய்மீன். ஞானபாய் சமாதானமாகிக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து வைத்த கறி. பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு. சகாயம் தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாம் முறை கறி ஊற்றும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. காரம் என்றார்.

இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று அஜிஷா ஆரம்பித்தாள். வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். மன்றம், முந்நூறு பேர், தங்கப்பனின் வேலை, அதனால் இவர் மஸ்கட்டுக்கு வர வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அண்ணன் பட்ட பாட்டுக்கு மரியாதை செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது என்று சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்தது. சகாயத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியே, மச்சான்?” என்று பிரபின் பயந்து பயந்து கேட்டான்.

சகாயம் கையிலிருந்த மீன் துண்டை மெல்லக் கீழே வைத்தார்.

“எனக்குப் பதிலா என் கட்டிலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்தாத்தான் உன்னை ஒரேயடியா ஊருக்கு விடுவேன்னு அரபி சொல்லிட்டான், மாப்பிள. அதுக்குத்தான் ஏசி, பிரியாணி, கடல்னு வெள்ளிக்கிழமை தவறாம நானும் அவ்வளவு விளம்பரம் பண்ணுனேன். நீங்க எழுதி முந்நூறு பேரைச் சேத்துட்டிய, இந்தச் சாளைக்கு ஒத்த ஆளு சிக்கல்லியே.”